தூணுக்குத் தூண் துள்ளும் கோடு

என் வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நூல் என்றுதான் சொல்வார்கள். "நூல் வந்துட்டாரா?" "எதுக்கும் நூலை ஒரு வார்த்தை கேட்டுக்கோ." அவர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். சட்டைப்பையில் நீலப்பொடி தோய்த்த நூல்கண்டு ஒன்று எப்போதும் இருக்கும். எந்தச் சுவரில் கோடு போடுவதானாலும் இரண்டு முனையிலும் ஆணி அடித்து, நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் இரண்டு விரலால் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். சுவரில் நீலக்கோடு விழும். அதற்கப்புறம்தான் பிரஷ்ஷைத் தொடுவார். ஒரு சாண் கோட்டுக்கும் இதே பாடுதான். எங்கள் கல்யாணப் படத்தை வீட்டில் மாட்டும்போதுகூட நூல் அடித்தார். அந்த நீலம் இன்னும் சுவரில் இருக்கிறது. படம் நேராகத்தான் தொங்குகிறது, அதில் நான்தான் கோணலாக நிற்கிறேன்.

அவர் ஆசைப்பட்டது பஸ் கண்டக்டர் வேலைக்கு. அது கிடைக்கிற வரைக்கும் என்று பெயின்ட் வாளியைத் தூக்கியவர், அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. பாதி வயசு வெளிச்சுவரில் கயிற்றுப் பலகையில் தொங்கியே போய்விட்டது. மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கும் பலகை அது. அதில் உட்கார்ந்தபடி கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்துவிட்டது. இப்போது சட்டை போடும்போது அந்தக் கையை நான்தான் நுழைத்து விடுகிறேன். மேஸ்திரி ஆகிவிட்டால் பலகை ஏற வேண்டாம், கீழே நின்று ஆளை ஏவலாம். ஒவ்வொரு புதுக் கட்டடத்துக்கும் இந்தத் தடவை நான்தான் என்று நம்பிக்கொண்டே போவார். ஒவ்வொரு தடவையும் வேறு யாராவது ஆகிவிடுவார்கள். இன்னொரு வருஷம் பலகையில் தொங்கினால் அந்தத் தோள் தாங்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் தங்கை வீட்டுக்காரனும் பெயின்டர்தான். அதாவது இவருக்குச் சகலை. நேரில் பார்த்தால் "வாங்க தம்பி" என்று மரியாதையாகத்தான் பேசுவேன். மனசுக்குள் அவன் இவன்தான். இதை மனசிலிருந்து எழுதுவதால் அவன் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

அவனுக்கு வைத்த பெயர் சென்ட். வேலைக்கு வரும்போதே கமகமவென்று வருவான். "தின்னர் நாத்தத்துல இது எதுக்கு தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். "நாத்தம் சுவருக்கு அண்ணி, எனக்கு எதுக்கு?" என்றான். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சல். மத்தியானம் ஆனால் என் தங்கைக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பான். இவர் எனக்கு வேலை இடத்திலிருந்து போன் போட்டது ஒரே தடவை. "அந்தச் சின்ன ஏணி வீட்லயா இருக்கு?" என்று கேட்டார்.

என் அம்மா வாயைத் திறந்தால், "சின்ன மாப்பிள்ளை தங்கம்." இவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், "பெரியவர் பாவம், உழைப்பாளி" என்பாள். உழைப்பாளி என்கிற வார்த்தையை இவ்வளவு மட்டமாகச் சொல்ல என் அம்மாவால்தான் முடியும். அவன் நூலே கட்ட மாட்டான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பான், பென்சிலால் நாலு புள்ளி வைப்பான், பாட்டு முனகிக்கொண்டே அடித்துவிட்டுப் போவான். அதுவும் நன்றாகத்தான் இருந்து தொலைக்கும்.

இந்தக் கதை நடந்தது நாலு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில். கட்டி முடித்து, திறப்பதற்கு முன்னால் உள்வேலை நடந்துகொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் அங்கே வேலை கொடுத்த காண்ட்ராக்டரே சொல்லி எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. கீழ்த்தளத்தில் ஒரு அறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு வார்டுகளுக்குத் திரைச்சீலை தைத்தேன். வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நாடா. அதே நீலத்தில் படிக்கட்டுச் சுவரிலும் கை அகலத்துக்கு ஒரு பட்டை போக வேண்டும், படியின் சாய்வுக்குச் சமமாக, கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடி வரைக்கும். ஆனால் சுவரில் நடுநடுவே, சுவர் மட்டத்துக்கே, ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி தூண்கள் நின்றன. தூண்கள் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக்காரர்களின் விருப்பம். அதனால் பட்டை தூணிடம் வந்து நிற்கும், தாண்டி மறுபடி கிளம்பும்.

கட்டடத்துக்கு முன்னால் ஒரு படிக்கட்டு, பின்னால் ஒரு படிக்கட்டு. இரண்டும் அச்சு ஒன்றுதான். காண்ட்ராக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "முன்னாடி நூலு, பின்னாடி சென்ட்டு. எந்தப் பக்கம் நல்லா வருதோ அவருதான் அடுத்த பில்டிங்குக்கு மேஸ்திரி. சொந்தக்காரங்க, உங்களுக்குள்ள சண்டை வேண்டாம்" என்றார். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுச் சுடாமல் பார்த்துக்கோ என்கிற மாதிரி இருந்தது.

இவர் கீழ்ப்படியில் ஒரு ஆணி, மேல்படியில் ஒரு ஆணி, தூண்கள் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே நூல். சுண்டினார். டேப் ஒட்டி, இரண்டு கை பெயின்ட் அடித்து, டேப்பை உரித்து, தூண்மேல் விழுந்த நீலத்தை ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டார். அப்படிக் கேட்கிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் காண்ட்ராக்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "என்ன நூலு, கோடு தூணுக்குத் தூண் துள்ளுது?"

"சார், ஒரே நூல்ல அடிச்சது."

"நீயே பாரேன்."

மிஷினை நிறுத்திவிட்டு நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். துள்ளத்தான் செய்தது. ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் பட்டை ஒரு குதி குதித்து மேலே போய்விட்டிருந்தது. இவர் நூலை எடுத்து மேலேயும் கீழேயும் கட்டினார். பட்டையின் ஓரமும் நூலும் ஒரு மயிரிழை விலகவில்லை. காண்ட்ராக்டர் நூலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நூல் சரியாத்தான் இருக்கு. கோடு சரியா இல்லையே" என்றார். பிறகு பின்பக்கம் போனார். அங்கே அவனுடைய பட்டை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி மேலே போயிருந்தது. "இது வேலை" என்றவர் கிளம்பும்போது இவரிடம், "திறப்புக்கு முந்தின நாள் வர்றேன். அதுக்குள்ள சரி பண்ணு. அப்புறம் சொல்றேன் யாருன்னு" என்றார்.

சென்ட் வந்து எட்டிப் பார்த்தான். "விடுங்கண்ணே, சரியாயிடும்" என்று இவர் தோளைத் தட்டினான். வலிக்கிற தோள் அது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார், "அவன்தான் ஏதோ கை வச்சிருக்கான்."

இப்படித்தான் ஆரம்பித்தது. கோடு எதனால் துள்ளுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலையில் முதலில் சந்தேகப்பட்டது சகலையைத்தான். எனக்கும் அந்தக் காரணம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆணி அடித்த இடங்களில் பென்சிலால் பொட்டு வைத்துவிட்டு வந்து மறுநாள் பார்த்தார். பொட்டு நகரவில்லை, ஆணி நகரவில்லை. அவன் மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்து தூண் மேல் சந்தேகம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், தூண் நட்டுக்க நின்றது. அடுத்து ஜன்னல் வெளிச்சம். என்னிடம் கறுப்புத் துணி வாங்கி ஜன்னலை மூடிவிட்டு விளக்கைப் போட்டார், அப்போதும் துள்ளியது. பட்டையின் அகலம் ஏறி இறங்குகிறதா என்று என் இன்ச் டேப்பால் அளந்தார், எல்லா இடமும் ஒரே அளவு. "அப்ப சுவத்துல ஒண்ணும் இல்ல. பாக்கிறதுலதான் இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு என் தையல் அறைக்கு வந்து, மிச்ச நீல நாடாவைக் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடம் வீடாக இல்லை. ஃபேன் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அகலமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, ஒல்லியாக ஒன்று என்று தூண்கள் செய்தார். வெள்ளைச் சுவரில் நீல நாடாவைச் சாய்வாக ஒட்டினார், மேலே அட்டைத் தூணை நிறுத்தினார். நாடா துண்டுபட்டுத் துள்ளியது. அட்டையை எடுத்தால் ஒரே நாடா, வைத்தால் துள்ளல். "மந்திரம் மாதிரி இருக்குங்க" என்றேன். "வாயை மூடிக்கிட்டுக் கண்ணை மட்டும் திற" என்றார்.

அப்புறம் என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. அட்டைக்குக் கறுப்பு அடித்து, "இப்ப?" என்பார். துள்ளுகிறது என்பேன். சிவப்பு அடிப்பார், அதற்கும் துள்ளும். வலது கண்ணை மூடு, இடது கண்ணை மூடு என்பார், எந்தக் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான். ஒல்லி அட்டையை வைத்தால் துள்ளல் அநேகமாக இல்லை. அகல அட்டையை வைத்தால் துள்ளல் பெரிதாகும். நாடாவை இன்னும் செங்குத்தாகச் சாய்த்தால் பெரிதாகும், படுக்க வைத்தாற்போல் ஒட்டினால் அடங்கிவிடும். அவர் எதிர்பார்க்கிற பதில் எனக்குத் தெரிந்துவிட்டதால் நான் சும்மா தலையாட்டுகிறேன் என்று அவருக்குச் சந்தேகம். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரைப் பிடித்து நிறுத்தி, "அண்ணே, இந்தக் கோடு ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார். அவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே, "ரெண்டுங்க. மேல இருக்கிறதை இப்படிக் கொஞ்சம் இறக்கினா ஒண்ணாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோள் வலியில் இவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபோதுதான் அடுத்தது அகப்பட்டது. தலையைச் சாய்த்துச் சாய்த்து நாடா படுக்கையாகத் தெரிகிற வரைக்கும் போனால் துள்ளல் காணாமல் போகிறது. நிமிர்ந்தால் திரும்ப வந்துவிடுகிறது. இரண்டு பேரும் கூடத்தின் நடுவில் தலையைச் சாய்த்துக்கொண்டு கோழி மாதிரி நின்றோம். அந்த நேரம் பார்த்து என் தங்கை வந்து கதவைத் தட்டினாள். "என்னக்கா, ரெண்டு பேருக்கும் கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்றாள். நாடாவை மறைத்துக்கொண்டு நின்று அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். புதுச் செருப்பு போட்டிருந்தாள். அவன் வாங்கிக் கொடுத்ததாம், கேட்காமலே.

அவள் போனதும் இவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாடா தூணைத் தொடுகிற இடத்தில் ஒரு பக்கம் ஒடுங்கின மூலை, மறுபக்கம் விரிந்த மூலை. "கண்ணு அந்த ஒடுங்கின மூலையைக் கொஞ்சம் விரிச்சுப் பாக்குது. அதனால கோடு திசை மாறின மாதிரி ஆயிடுது. அதான் காரணம்" என்றார். முகத்தில் ஒரு களை. சரி, அதையும் சோதித்துவிடலாம் என்று அட்டையின் ஓரங்களைப் பாதிப் பாதி வெட்டி, ஒடுங்கின மூலைகள் மட்டும் மிஞ்சும்படி வைத்தார். அவர் கணக்குப்படி நன்றாகத் துள்ள வேண்டும். துள்ளவே இல்லை. விரிந்த மூலைகள் மட்டும் மிஞ்சும்படி வைத்தார். துள்ளியது. அட்டையைக் கிழித்து மூலையில் எறிந்தார்.

"காரணம் தெரியலன்னா போகட்டும். எப்ப வருது, எப்ப போகுதுன்னு தெரிஞ்சுடுச்சுல்ல?" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வேறொன்று அவரைக் குடைந்துகொண்டிருந்தது. "எல்லாரு கண்ணுக்கும் இப்படித்தான் தெரியும்னா, அவன் கோடும் துள்ளணும்ல? அதே தூணு, அதே சாய்வு. அவனோடது மட்டும் ஏன் துள்ளல?"

மறுநாள் மத்தியானம் ஆட்கள் எல்லாம் டீ குடிக்கப் போன நேரத்தில் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனோம். நான் கீழே நூல்முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் மேலே போய் இழுத்துப் பிடித்தார். முதல் துண்டில் பட்டையும் நூலும் ஒட்டிக்கொண்டு வந்தன. முதல் தூணைத் தாண்டியதும் அவன் பட்டை நூலுக்கு இரண்டு விரல்கட்டை கீழே கிடந்தது. அடுத்த தூணில் நாலு விரல்கட்டை. போகப் போக இறங்கிக்கொண்டே போய், படி முடிகிற இடத்தில் ஒரு சாணுக்கும் அதிகமாகத் தாழ்ந்துவிட்டது. அந்த இடத்தை மறைத்து அவன் ஒரு தண்ணீர் டிரம்மை நிறுத்தி வைத்திருந்தான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தங்கம் தங்கம் என்றார்களே, அந்தத் தங்கத்தின் கோடு இவ்வளவு கோணல். "உடனே காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்க. இதே நூலைக் கட்டிக் காட்டுங்க" என்றேன்.

இவர் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். "அவன் கண்ணால பார்த்தே இறக்கியிருக்கான். எங்க துள்ளும், எவ்வளவு துள்ளும்னு அவனுக்கு யாரும் சொல்லல. பாட்டுப் பாடிக்கிட்டே இறக்கியிருக்கான். நான் ஒரு வீடு பூரா அட்டையை வெட்டிக் கண்டுபிடிச்சது, அவனுக்குச் சும்மா கிடைச்சிருக்கு" என்றார். பொறாமையில் ஒரு மனுஷன் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன். அவன் தப்பு செய்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நூலைச் சுருட்ட வேண்டியதுதான். ஆனால் இந்த மனுஷன் வாழ்நாளில் விறைப்பாக நின்ற நூலைச் சுண்டாமல் விட்டதில்லை. சின்னதாக ஒரு சத்தம். கீழிருந்து மேல் வரைக்கும், அவன் பட்டைக்கு மேலாக, வெள்ளைத் தூண்களுக்குக் குறுக்கே, பளிச்சென்று ஒரு நீலக்கோடு விழுந்தது. "என்ன காரியம் பண்ணீங்க?" என்றேன். தன் விரல்களைத் தானே முறைத்துப் பார்த்தார். துடைக்க நேரமில்லை. நான் திரைச்சீலை அளக்க வந்தவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவர் அடுத்த மாடி வழியாக நழுவினார்.

அதற்குப் பிறகு அவர் பின்பக்கம் போகவே இல்லை. காண்ட்ராக்டரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தன் பட்டையை வெள்ளை அடித்து அழித்தார். ஒவ்வொரு தூணுக்கும் எவ்வளவு இறக்க வேண்டும் என்று அட்டையில் பார்த்த கணக்கை வைத்து இறக்கினார். இறக்கின அளவைத் துண்டுக்குத் துண்டு துளித் துளியாகச் சாய்வைக் கூட்டி ஈடுகட்டி, மேல்படியில் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். டிரம் எதுவும் தேவைப்படவில்லை. முடித்துவிட்டுக் கீழே நின்று பார்த்தோம். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. "இதுல ஒரு இடம்கூட நேரா இல்ல" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

காண்ட்ராக்டர் சொன்னபடி வந்தார். முன்பக்கம் பார்த்து, "அப்படிப் போடு" என்றார். பின்பக்கம் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

அவனுடைய பட்டை தூணுக்குத் தூண் துள்ளிக்கொண்டிருந்தது. புது பெயின்ட், ஓரமெல்லாம் சுத்தம், டிரம்மைக்கூட நகர்த்தியிருந்தான். காண்ட்ராக்டர் என்னையும் இவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் படிக்கட்டை மாத்திக்கிட்டீங்களா? நல்லா இருந்ததை ஏம்ப்பா கெடுத்தே?" என்றார். அவன் வாய் திறப்பதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. காதில் வைத்துக்கொண்டே இவரைக் கைகாட்டி, "நீதான் மேஸ்திரி. திங்கக்கிழமை வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சென்ட் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு இவர் நின்ற அதே மாதிரி. அவன் கையில் புது நூல்கண்டு ஒன்று இருந்தது, நீலம் விரலெல்லாம் அப்பியிருந்தது. முதல் தடவையாக அவனிடமிருந்து சென்ட் வாசனை வரவில்லை.

"அண்ணே, நீங்க வந்து கோடு போட்டுக் காட்டிட்டுப் போயிருந்தீங்கல்ல? நான் போட்டது தப்புன்னு என்கிட்ட நேரா சொன்னா எனக்கு வருத்தமா இருக்கும்னு, சொல்லாம சுண்டிட்டுப் போயிருக்கீங்க. எனக்கு அது புரிஞ்சுது. உங்க நூல் தப்பாதுன்னு, எல்லாத்தையும் அழிச்சிட்டு அது மேலேயே அடிச்சேன். இப்ப ஏன் துள்ளுது?" என்றான்.

இவர், "உனக்காகப் போடல. நீ தப்புன்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் நூல் பிடிச்சேன். கை தவறிச் சுண்டிட்டேன்" என்றார். என் முன்னாலேயே சொன்னார், ஒளிக்கவில்லை.

"எதுக்குப் போட்டா என்னண்ணே. கோடு நேராத்தானே இருக்கு?"

இவர் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, வலிக்கிற தோளையும் தூக்கி, மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்த்து நிறுத்தினார். அவன், "அட" என்றான். "ஒண்ணாயிடுச்சு." பிறகு தலையை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தான். "அப்ப நான் மொதல்ல போட்டது?"

"அதுதான் சரி" என்றார் இவர்.

அவன் அதற்குச் சிரித்தான். வேறு யாராவது சிரித்திருந்தால் குத்திக் காட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். "நான் எப்பவும் நினைப்பேண்ணே, உங்கள மாதிரி ஒரு கோடாவது அடிக்கணும்னு. கண்ணால வைக்கிறதுல எனக்கே நம்பிக்கை இல்ல. மேல போகப் போக பட்டை தாழ்ந்து போகுதுன்னு மறைக்கத்தான் டிரம்மை வச்சேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து இவர் சோறு சாப்பிடவில்லை. காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, அவன் முதலில் போட்டதுதான் சரி, நான் போட்ட கோட்டால்தான் கெட்டது என்றார். அந்தப் பக்கமிருந்து பேச்சு எனக்கே கேட்டது. "யாரு கோடு யாரு மேலன்னு எனக்குப் பஞ்சாயத்து வேண்டாம் நூலு. நான் பார்த்தப்ப எது நல்லா இருந்துச்சோ அதுதான்." எனக்கு இவர் மேல் கோபமான கோபம். கையில் வந்ததைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாரே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் தங்கை என்ன சொல்லப்போகிறாளோ என்று வேறு காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் போன் போடவே இல்லை.

புதுக் கட்டடத்தில் இவர் மேஸ்திரி. வெளிச்சுவருக்குக் கயிற்றுப் பலகையில் ஏறியது சென்ட். நல்ல தோள் அவனுக்குத்தான் இருந்தது, வேறு ஆளும் இல்லை. இவர் கீழே நின்று ஏவலாம் என்று நினைத்தேன். ஆனால் தினமும் காலையில் மொட்டை மாடிக்கு ஏறி, அவனுடைய கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, திரும்பத் தன் கையாலேயே போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வருவார் என்று வாட்ச்மேன் சொன்னார். இதை இவர் என்னிடம் சொன்னதில்லை.

ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது என் தங்கையும் டிபன் கேரியரோடு வந்து நின்றிருந்தாள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். மேலே அவன் பலகையில் உட்கார்ந்து பாட்டு முனகிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான். காற்றில் பலகை லேசாக ஆடியது. அவள் மனசில் இருப்பதை இப்போது கொட்டுவாள், கொட்டட்டும் என்று நானும் தயாராக நின்றேன்.

"உனக்குப் பயமா இல்லையாடி?" என்றேன்.

"என்னக்கா பயம்? அத்தான் கையால போட்ட முடிச்சு. அவரு கீழ நிக்கிறாருன்னா நான் வீட்ல நிம்மதியா தூங்குவேன்" என்றாள். பேச்சில் உள்குத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. கேரியரைத் திறந்து, "இது அத்தானுக்கும் சேர்த்துத்தான் கொண்டு வந்தேன்" என்று ஒரு டப்பாவை என் கையில் வைத்தாள்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம், தோள் பிழைத்துவிட்டது, இவர் மேஸ்திரி. இத்தனைக்கும் பிறகு அந்த வெயிலில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த வயிற்றெரிச்சல் என்பதே இவளுக்கு வரவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.